அபாயக் கோடு யாருக்காக?

நாடாளுமன்றக் கூட்டத்தொடர்களில் கடலோர மாநிலங்களைச் சேர்ந்த உறுப்பினர்கள் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. கடல் அரிப்பு எந்த அளவில் இருக்கிறது, அதைத் தடுக்க மத்திய அரசு என்ன செய்திருக்கிறது என்பதே அது. பெரும்பாலும் அதற்கு எழுத்து மூலமான பதிலே கிடைக்கிறது. எழுத்து மூலமான பதிலுக்குத் துணைக் கேள்வி கிடையாது. அவையில் வாக்குவாதமும் கிடையாது. பதிலின் இறுதியில் மாநிலவாரியாக ஓர் அட்டவணை இணைக்கப்பட்டிருக்கும். அட்டவணையோடு விஷயம் முடிந்துவிடும்.

அந்த அட்டவணை சாதாரணமானதல்ல. சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களையும் கள ஆய்வுகளையும் கொண்டு, நாட்டின் பிரதான நிலப்பகுதியில் 6,907 கி.மீ. நீளக் கடற்கரையை ஆராய்ந்தது. அதில் 33.6 சதவீதம் அரிக்கப்பட்டு வருகிறது, 26.9 சதவீதத்தில் மணல் சேர்ந்து கரை வளர்கிறது. மீதமுள்ள பகுதியே ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. மேற்கு வங்கத்தில் அரிப்பு 60.5 சதவீதம், புதுச்சேரியில் 56.2 சதவீதம், கேரளத்தில் 46.4 சதவீதம், தமிழகத்தில் 42.7 சதவீதம். ஒரு நாட்டின் கரையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துகொண்டிருக்கிறது என்று அந்நாட்டின் அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்கிறது. வேறு எந்த எல்லையிலாவது இப்படி நிலம் பறிபோயிருந்தால் அவை ஒரு நாள்கூட அமைதியாக நடந்திருக்குமா என்பது ஐயமே.

கடலோர ஆபத்தை நாம் மதிப்பிடவில்லை என்று இனியும் சொல்ல முடியாது. மதிப்பீட்டில் முன்னேற்றம் இருக்கிறது. நமது கடற்கரையின் நீளம் 7,516 கி.மீ. என்று பல தலைமுறை மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படித்தார்கள். 1970-களில் கணக்கிடப்பட்ட அந்த அளவை அரசு அண்மையில் திருத்தி, 11,098 கி.மீ. என்று அறிவித்தது. மேற்கு வங்கத்தின் கரை 157 கி.மீட்டரிலிருந்து 721 கி.மீட்டராகவும், குஜராத்தின் கரை 1,214 கி.மீட்டரிலிருந்து 2,340 கி.மீட்டராகவும் உயர்ந்தன. கடற்கரை வளர்ந்துவிடவில்லை. முன்பு விடுபட்ட கழிமுகங்களும் வளைவுகளும் நுட்பமான வரைபடத்தில் கணக்கில் சேர்ந்தன, அவ்வளவுதான். ஆனால் அளவு நுட்பமாக ஆக, காக்க வேண்டிய கரை எவ்வளவு அதிகம் என்பதும் தெளிவாகிறது.

கடல் மட்டத்தைப் பற்றிய தகவலுக்கும் குறைவில்லை. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட இந்தியப் பகுதியின் காலநிலை மாற்றம் குறித்த மதிப்பீட்டு அறிக்கையின்படி, வட இந்தியப் பெருங்கடலில் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மி.மீ. வரை உயர்ந்துவந்த கடல் மட்டம், 1993 முதல் 2017 வரையிலான காலத்தில் ஆண்டுக்கு 3.3 மி.மீ. வீதம் உயர்ந்திருக்கிறது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021-ல் அளித்த ஆறாவது அறிக்கை, கரியமில வாயு வெளியேற்றம் மிக அதிகமாகத் தொடர்ந்தால் இந்த நூற்றாண்டின் இறுதியில் உலகக் கடல் மட்டம் 0.63 மீட்டரிலிருந்து 1.01 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது. வெளியேற்றத்தை மிகக் கடுமையாகக் குறைத்தாலும் 0.28 மீட்டர் முதல் 0.55 மீட்டர் வரையிலான உயர்வைத் தவிர்க்க இயலாது.

சராசரிகள் ஏமாற்றக்கூடியவை என்பதையும் மறந்துவிடலாகாது. அரசு நாடாளுமன்றத்தில் அளித்துள்ள துறைமுக அளவீடுகளின்படி, சென்னையில் கடல் மட்டம் நீண்டகாலச் சராசரியாக ஆண்டுக்கு 0.33 மி.மீ. மட்டுமே உயர்ந்திருக்கிறது. மும்பையில் 0.74 மி.மீ. ஆனால் கொல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி நதிக்கரையில் உள்ள டயமண்ட் ஹார்பரில் அது 5.16 மி.மீ. அங்கே கடல் உயர்வது மட்டுமன்றி, கழிமுக நிலமும் தாழ்ந்துகொண்டிருக்கிறது. கரையில் வாழ்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். நாட்டுக்கு ஒரு சராசரியை வைத்துத் திட்டம் தீட்டினால், டயமண்ட் ஹார்பருக்கும் சென்னைக்கும் ஒரே மருந்தைக் கொடுத்ததாக ஆகும்.

அந்தக் கழிமுகத்தில்தான் லோஹாசரா என்ற தீவு இருந்தது. மக்கள் குடியிருந்த அத்தீவு நீரில் மூழ்க, குடும்பங்கள் பக்கத்து சாகர் தீவுக்கு இடம்பெயர்ந்தன. அருகிலுள்ள கோராமரா தீவு ஆண்டுக்காண்டு சுருங்கி வருகிறது. 2021 மே மாதம் யாஸ் புயலின்போது தீவு முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியது. சுந்தரவனத்தின் மனிதக் குடியிருப்புகளைக் காப்பவை ஏறத்தாழ 3,500 கி.மீ. நீளமுள்ள மண் கரைகள். 2009-ல் ஐலா, 2020-ல் ஆம்பன், 2021-ல் யாஸ் என்று ஒவ்வொரு புயலும் அவற்றை உடைத்தது. உடைந்த இடத்தில் உப்புநீர் புகுந்தால் வயல் சில ஆண்டுகளுக்கு நெல் தராது. அத்துடன் இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளி மாநிலங்களுக்கு ரயில் ஏறுகிறார்கள். இவர்களைப் புயல் பாதித்தவர்கள் என்று ஒரு மாதம் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். பிறகு அவர்கள் வெறும் கூலித் தொழிலாளர்கள்.

ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில் உள்ள சாதபாயாவின் கதை இதைவிடத் துலக்கமானது. ஏழு சகோதரர்கள் என்று பொருள்படும் அப்பெயர், ஏழு கிராமங்கள் சேர்ந்திருந்த பகுதியைக் குறிக்கும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கடல் விழுங்கியது. எஞ்சியிருந்த 571 குடும்பங்களை ஒடிசா அரசு 2018-ல் சில கி.மீ. உள்ளே இருக்கும் பாகாபடியா என்ற இடத்துக்குக் குடிமாற்றியது. அங்கிருந்த பஞ்சுபராஹி கோயிலில் மீனவச் சமூகப் பெண்கள் மட்டுமே பூசை செய்வது மரபு. ஆண்கள் சிலைகளைத் தொடுவதில்லை. கடல் கோயிலை நெருங்கியபோது, சிலைகளைப் பெயர்த்துக் கொண்டுசெல்ல ஆண்களின் கையும் தேவைப்பட்டது. நூற்றாண்டுகளாகக் காத்த வழக்கத்தை அந்த மக்கள் தாமாகவே விட்டுக்கொடுத்தார்கள். கடல் உயர்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

சாதபாயா குடிமாற்றம் நாட்டுக்கே முன்னோடி என்று பாராட்டப்பட்டது. ஓர் அரசு காலநிலையால் நிலம் இழந்தவர்களைத் திட்டமிட்டு வேறிடத்தில் அமர்த்தியது என்ற அளவில் அந்தப் பாராட்டு தகும். ஆனால் வீட்டுமனை கிடைத்தவர்களுக்கு விளைநிலம் கிடைக்கவில்லை. கடலும் கைக்கெட்டும் தொலைவில் இல்லை. ஆண்கள் கேரளம் போன்ற மாநிலங்களுக்கு வேலை தேடிச் செல்வது வழக்கமாகிவிட்டது. வீட்டைக் கொடுப்பது மறுவாழ்வின் பாதி. பிழைப்பைக் கொடுப்பதே மறுபாதி. அந்த மறுபாதியைச் செய்ய எந்தச் சட்டமும் எந்த அதிகாரியையும் கட்டாயப்படுத்தவில்லை.

இதே ஒடிசாதான் நாட்டுக்கு வேறொரு பாடமும் கற்பித்தது. 1999 அக்டோபர் 29-ல் வந்த பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அதன் பின்னர் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. எச்சரிக்கை முறை சீரமைக்கப்பட்டது. கிராமம்வரை பொறுப்பு வகுக்கப்பட்டது. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். உயிரிழப்பு ஐம்பதுக்கும் குறைவு. அரசு மனம் வைத்தால் கடலோரத்தில் எதைச் சாதிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

புயலுக்குச் செய்ததை அரிப்புக்கும் கடல் மட்ட உயர்வுக்கும் ஏன் செய்ய முடியவில்லை? புயல் ஓர் இரவில் வருகிறது. அதற்குப் பெயர் உண்டு, தேதி உண்டு, நிவாரணக் கணக்கு உண்டு. கடல் மட்ட உயர்வு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராக வருகிறது. அதற்குத் தேதி இல்லை. எந்த ஆட்சியின் காலத்தில் வந்தது என்றும் சொல்ல முடியாது. திடீரென்று வரும் துயரத்துக்குப் பழகிய நமது நிர்வாகம், மெல்ல வரும் துயரத்தைத் துயரம் என்றே பதிவு செய்வதில்லை.

இதை நிதி விதிகளிலேயே காணலாம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பேரிடருக்குத் தரும் வரையறை விரிவானது. கடல் அரிப்பு அதற்குள் அடங்காது என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் 15-ஆவது நிதிக் குழுவின் காலமான 2021-26-க்கு, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து செலவிட அங்கீகரிக்கப்பட்ட தேசியப் பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், ஆழிப்பேரலை, பூச்சித் தாக்குதல், குளிர் அலை என்று 12 இடர்கள் இடம்பெற்றன. கடல் அரிப்பு இடம்பெறவில்லை. நிதியில் 10 சதவீதம்வரை மாநிலமே அறிவிக்கும் இடர்களுக்குச் செலவிடலாம் என்ற சலுகையைக் கொண்டுதான் கேரளம் போன்ற மாநிலங்கள் அரிப்பையும் சேர்த்துக்கொண்டன. பயிரைப் பூச்சி தின்றால் அது தேசியப் பேரிடர். ஊரையே கடல் தின்றால் அது மாநிலத்தின் சொந்தக் கவலை.

அதே நிதிக் குழு இந்தக் குறையை உணர்ந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நதி, கடல் அரிப்பைத் தடுக்கும் பணிகளுக்கு 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்த 1,000 கோடி ரூபாயும் ஒதுக்க அது பரிந்துரை செய்தது. இடம்பெயர்ந்தோரின் மறுவாழ்வுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கச் சொன்னது முக்கியமான திருப்பம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2023-ல் இதற்கான கொள்கை வரைவைத் தயாரித்தது. ஆனால் பிரம்மபுத்திராவின் கரையையும் கங்கையின் கரையையும் சேர்த்து, நாடு முழுமைக்கும் ஐந்தாண்டுகளுக்கு 2,500 கோடி என்பது எவ்வளவு சிறிய தொகை என்பதைக் கேரளத்தின் கணக்கோடு ஒப்பிட்டால் புரியும். கடலிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் 18,685 குடும்பங்களை உள்ளே குடியமர்த்தும் கேரள அரசின் புனர்கேஹம் திட்டத்துக்கு மட்டுமே 2,450 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. ஒரு மாநிலத்தின் ஒரு திட்டம் நாட்டின் மொத்த ஒதுக்கீட்டை விழுங்கிவிடும்.

பணத்தைவிட முக்கியமானது சட்டம். இங்குதான் நம் தலைப்பில் உள்ள அபாயக் கோடு வருகிறது. கடற்கரையைப் பாதுகாக்கும் எண்ணம் 1981-ல் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்திலிருந்து தொடங்குகிறது. ஓதம் உயரும்போது நீர் வந்து தொடும் எல்லையிலிருந்து 500 மீட்டர்வரை கட்டுமானங்களைத் தவிர்க்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அது 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக மலர்ந்தது. 500 மீட்டர் என்பது நிர்வாகம் வசதிக்காக வைத்த அளவு. ஒரு கரையில் கடல் 20 ஆண்டுகளில் அரை கி.மீ. உள்ளே வரலாம், வேறொரு கரையில் அசையாமல் இருக்கலாம். எனவே ஒவ்வோர் இடத்திலும் அலை, ஓதம், கடல் மட்ட உயர்வு, கரையின் நகர்வு ஆகியவற்றைக் கணக்கிட்டு, ஆபத்து எதுவரை எட்டும் என்று நிலத்தின்மீது ஒரு கோடு வரைய வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

2011 ஜனவரியில் வெளியான புதிய அறிவிக்கை அந்தக் கோட்டை ஏற்றுக்கொண்டது. இந்திய நில அளவைத் துறை நாட்டின் கரை முழுவதற்கும் அதை வரையும் பணியில் இறங்கியது. உலக வங்கி உதவியுடன் நடந்த கடலோர மேலாண்மைத் திட்டத்தின் ஓர் அங்கமாக இது மேற்கொள்ளப்பட்டது. பணி நடந்துகொண்டிருந்தபோதே, அறிவிக்கையை மறுபரிசீலனை செய்ய 2014-ல் சைலேஷ் நாயக் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, 2019 ஜனவரியில் அடுத்த அறிவிக்கை வெளியாயிற்று. கோடு வரைந்து முடித்த வேளையில் அதன் சட்ட வலிமை நீக்கப்பட்டிருந்தது.

2019 அறிவிக்கையில் அபாயக் கோடு கட்டுப்பாட்டு எல்லையாக இல்லை. அது பேரிடர் மேலாண்மைக்கான ஒரு கருவி. மாநிலங்கள் நிலப் பயன்பாட்டைத் திட்டமிடும்போது அதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கருத்தில் கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அறிவிக்கையில் பதில் இல்லை. அதே அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கி.மீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிகளில் கட்டுமானத் தடை எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. ஆபத்தை அளந்து சொன்ன கோடு அறிவுரையாகிவிட்டது. கரையை ஒட்டிக் கட்டும் அனுமதியோ விதியாகிவிட்டது.

இந்த மாற்றத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. கேரளம் போன்ற நெருக்கமான கரைகளில் 200 மீட்டர் தடை என்பது, தலைமுறைகளாக வாழும் மீனவர் தம் வீட்டுக்கு ஓர் அறை சேர்க்கக்கூட அனுமதி கேட்டு அலைய வேண்டிய நிலையை உருவாக்கியது. தடையைத் தளர்த்தக் கோரியவர்களில் மீனவர்களும் இருந்தார்கள். அபாயக் கோட்டைக் கண்டு முதலில் அஞ்சியவர்களும் அவர்களே. எம்.எஸ். சுவாமிநாதன் குழு 2005-ல் அளித்த அறிக்கையை அடியொற்றி 2008-ல் கொண்டுவரப்பட்ட கடலோர மேலாண்மை மண்டல வரைவு, நாடெங்கும் மீனவர் அமைப்புகளின் எதிர்ப்பால் 2009-ல் கைவிடப்பட்டது. ஆழிப்பேரலைக்குப் பிறகு, பாதுகாப்பின் பெயரால் தங்களை உள்ளே தள்ளிவிட்டு விடுதிகளுக்கும் துறைமுகங்களுக்கும் கரையைத் திறந்துவிடுவார்களோ என்ற அவர்களுடைய அச்சம் ஆதாரமற்றதல்ல.

ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து கோட்டை அழிப்பதல்ல. கோடு யாரைக் கட்டுப்படுத்தும் என்று தெளிவாகச் சொல்வதுதான். கோட்டுக்கும் கடலுக்கும் இடையே புதிய விடுதி, புதிய குடியிருப்பு வளாகம், புதிய அனல்மின் நிலையம் கூடாது என்று விதி செய்யலாம். அதே இடத்தில் தொழிலுக்காகக் கரையில் இருந்தே தீர வேண்டிய மீனவருக்கு, அவர் விரும்பும்வரை இருக்கும் உரிமையும், விலக விரும்பினால் படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் கரையில் இடம் ஒதுக்கிய மறுவாழ்வும் தரலாம். 2010-ஆம் ஆண்டின் கடல் மீனவர் கணக்கெடுப்பின்படி நாட்டில் 3,288 கடலோர மீனவ கிராமங்களில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களையும் முதலீட்டாளரையும் ஒரே விதியால் ஆள்வது சமநீதியாகாது.

மதிப்பீட்டிலேயே மனிதர்கள் விடுபட்டிருக்கிறார்கள் என்பது மற்றொரு குறை. ஹைதராபாதில் உள்ள இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம் உருவாக்கிய கடலோர ஆபத்துக் குறியீடு, கரை மாறும் வேகம், கடல் மட்ட மாற்றம், நிலத்தின் உயரம், சரிவு, நில அமைப்பு, அலையின் உயரம், ஓத வீச்சு ஆகிய ஏழு அளவுகளை வைத்துக் கரையை வகைப்படுத்துகிறது. பயனுள்ள வேலை இது. ஆனால் அந்த ஏழில் ஒன்றுகூடக் கரையில் யார் வாழ்கிறார்கள், அவர்கள் வீடு ஓலையா காரையா, குடிநீர்க் கிணறு உப்பானால் அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்பதில்லை. ஒரே அளவு ஆபத்து உள்ள இரண்டு கரைகளில், ஒன்றில் செல்வர்களின் மாளிகைகளும் மற்றொன்றில் குடிசைகளும் இருந்தால், வரைபடத்தில் இரண்டும் ஒரே நிறத்தில்தான் இருக்கும்.

காலநிலை மாற்றத்தின் மீது எல்லாப் பழியையும் போடுவதும் நேர்மையாகாது. புதுச்சேரியில் 1989-ல் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின்னர், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் தடைபட்டு நகரின் கடற்கரை மறைந்தது. அதைக் காக்கக் கற்களைக் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து தமிழக மீனவ கிராமங்களைத் தாக்கியது. அங்கே கல் கொட்டினால் அதற்கும் வடக்கே உள்ள ஊர் அரிபடுகிறது. நதிகளின் குறுக்கே கட்டிய அணைகள் கடலுக்குச் சேர வேண்டிய வண்டலைத் தடுத்துவிட்டன. உயரும் கடல், ஏற்கெனவே நம் கைகளால் பலவீனமாக்கப்பட்ட கரைமீது மோதுகிறது. இதை மறைத்து எல்லாம் உலக வெப்பமயமாதலின் விளைவு என்று சொல்லிவிட்டால், துறைமுகம் கட்டியவரும் அனுமதி அளித்தவரும் பொறுப்பிலிருந்து நழுவிவிடுவார்கள்.

கரை அரிக்கப்படும் இடங்களில் எல்லாம் கற்சுவரும் தூண்டில் வளைவும் கேட்பது அரசியல்வாதிகளின் வழக்கமாகிவிட்டது. சில இடங்களில் அவை தேவைதான். எர்ணாகுளம் மாவட்டம் செல்லானத்தில் 340 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஏறத்தாழ 7 கி.மீ. நீளத்துக்கு டெட்ராபாட் கான்கிரீட் கட்டிகளால் எழுப்பிய சுவர், ஆண்டுதோறும் வீட்டுக்குள் கடல் புகுந்த மக்களுக்கு நிம்மதி அளித்தது. ஆனால் ஒரு கி.மீட்டருக்கு ஏறத்தாழ 50 கோடி ரூபாய் என்ற விலையில் நாட்டின் அரிக்கப்படும் 2,300 கி.மீ. கரைக்கும் சுவர் கட்டினால் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் ஆகும். கட்டியபின் அரிப்பு பக்கத்து ஊருக்கு நகரும் என்பது வேறு. எங்கே சுவர், எங்கே அலையாத்திக் காடு, எங்கே விலகல் என்று முடிவு செய்யத்தான் மதிப்பீடு தேவை. அந்த முடிவைத் தேர்தல் கால வாக்குறுதிகளிடம் விட்டுவைத்திருக்கிறோம்.

முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதிலும் தெளிவில்லை. ஒழுங்குமுறை மண்டலம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொறுப்பு. கரையை அளப்பது புவி அறிவியல் அமைச்சகம். தடுப்புப் பணிகளுக்கு ஜல் சக்தி அமைச்சகம். பேரிடர் நிதி உள்துறையிடம். மீனவர் நலனுக்கு மீன்வளத் துறை. துறைமுகங்களுக்கு இன்னொரு அமைச்சகம். ஓர் உறுப்பினர் கேள்வி எழுப்பினால் எந்த அமைச்சரிடம் அது போகிறதோ, அவர் தம் பங்கை மட்டும் சொல்லி அமர்ந்துவிட இது வசதியாக இருக்கிறது. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, தேசியக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம்கூட நிரந்தர அமைப்பாக ஆக்கப்படாமல், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாக அமைக்கப்பட்டுத் தற்காலிக அமைப்பாகவே இயங்குவதைச் சுட்டிக்காட்டியது. நிரந்தரமாக மாறிக்கொண்டிருக்கும் கடலைத் தற்காலிக ஆணையத்தால் எப்படிக் கண்காணிக்க முடியும்?

செய்ய வேண்டியவை அரசின் சக்திக்கு அப்பாற்பட்டவை அல்ல. முதலாவதாக, அபாயக் கோட்டை அந்தந்த மாநில மொழியில், கிராம வரைபடத்தின்மீது, சர்வே எண்ணுடன் வெளியிட வேண்டும். தம் வீடு கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அறியும் உரிமை ஒவ்வொரு கடலோரக் குடிமகனுக்கும் உண்டு. வீடு வாங்குபவர், கடன் தரும் வங்கி, பள்ளிக்கூடம் கட்டும் ஊராட்சி என எல்லோருக்கும் அது தெரிய வேண்டும். இரண்டாவதாக, புதிய பெருங்கட்டுமானங்களைப் பொறுத்தவரை அக்கோட்டுக்கு மீண்டும் சட்ட வலிமை அளிக்க வேண்டும். பாரம்பரிய மீனவர் குடியிருப்புக்கு அதிலிருந்து வெளிப்படையான விலக்கு தர வேண்டும். மூன்றாவதாக, கடல் அரிப்பைத் தேசியப் பேரிடர்ப் பட்டியலில் சேர்த்து, இடம்பெயர்வோருக்கு வீட்டுடன் தொழிலையும் உறுதி செய்யும் மறுவாழ்வுச் சட்டம் கொண்டுவர வேண்டும். நான்காவதாக, கரையின் நிலை குறித்து ஆண்டுதோறும் ஓர் அறிக்கையை ஒரே அமைச்சர் பொறுப்பேற்று இரு அவைகளிலும் வைத்து, அதன்மீது விவாதம் நடத்த வேண்டும்.

இதற்கான வாசல்கள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன. 2024 டிசம்பரில் மக்களவையிலும் 2025 மார்ச்சில் மாநிலங்களவையிலும் நிறைவேறிய பேரிடர் மேலாண்மைத் திருத்தச் சட்டம், தேசிய அளவிலும் மாநில அளவிலும் பேரிடர்த் தகவல் தளம் உருவாக்க வழிசெய்கிறது. அபாயக் கோடு அதன் முதல் பக்கத்தில் இடம்பெறட்டும். கானமயில் பாதுகாப்பு குறித்த வழக்கில் 2024 மார்ச் 21-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது அரசியல் சாசனத்தின் 14, 21-ஆவது பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று அங்கீகரித்தது. ஓர் ஊர் கடலில் மூழ்கும் என்று அரசுக்கு முன்பே தெரிந்திருந்தும், அந்த ஊர் மக்களிடம் சொல்லாமலும் அவர்களுக்கு வழிசெய்யாமலும் இருந்தால், அந்த உரிமை மறுக்கப்படுகிறது என்றே பொருள்.

அடுத்த கூட்டத்தொடரிலும் யாரேனும் ஓர் உறுப்பினர் கடல் அரிப்பு பற்றிக் கேட்பார். அட்டவணையும் வரும். அட்டவணையில் உள்ள 33.6 சதவீதம் உயர்ந்திருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பது மட்டுமே நாடாளுமன்றத்தின் அக்கறையாக இருந்துவிடக் கூடாது. சாதபாயாவின் ஏழு சகோதரர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தபோதும் அதை அரசாங்கம் அளந்துகொண்டுதான் இருந்தது. அளந்த பின் என்ன செய்தோம் என்பதே இனி அவையில் கேட்கப்பட வேண்டிய துணைக் கேள்வி.